பிடிவாதக்காரப் பிள்ளைக்காக அப்பா அம்மா போகும் பயிற்சி: பிசிஐடி எப்படி?

வீட்டில் இரண்டிலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்து, காலையில் அதற்கு ஷூ போட்டு முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் என்றால், பிள்ளையோடு எப்படிப் பழகுவது என்று பெற்றோருக்குச் சொல்லித்தரும் பிசிஐடி பயிற்சிக்கு இன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். காத்திருப்போர் பட்டியல் நீளம். எங்களுக்கு முறை வரவே கிட்டத்தட்ட அரை வருஷம் ஆகிவிட்டது.

நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். நான் பஸ் ஓட்டுகிறேன். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மூத்தவன் பையன், அடுத்தது பாப்பா. குளிக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன் என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இவன் கையில் அகப்பட்டதை எறிவான். பாப்பாவைத் தள்ளிவிடுவான். "வேணாம்டா" என்றால் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதையே இன்னொரு தரம் செய்வான். சைல்ட்கேரில் இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டான் என்று வேலை நேரத்தில் போன் வரும். கடைசியில் குடும்ப டாக்டர்தான் காது கேட்கிறதா, பேச்சு வயதுக்கேற்ப இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, அரசு உதவியில் நடக்கும் ஒரு குழந்தைநல மையத்துக்குக் கடிதம் கொடுத்தார். மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பயிற்சியைப் பல இடங்களில் தருகிறார்கள். நான் சொல்ல வந்தது பயிற்சியைப் பற்றி.

பிசிஐடியின் முழுப்பெயர் பேரன்ட்-சைல்ட் இன்டராக்ஷன் தெரபி. 1970களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் தொடங்கினார். பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருந்து வளர்த்தெடுத்தார். தெரபி என்றதும் பிள்ளையை டாக்டர் தனியாக அழைத்துப் பேசுவார், நாம் வெளியே உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் எங்கள் சொந்தக்காரர்கள் பலர் நினைத்தார்கள். நடப்பது தலைகீழ். அறைக்குள் இருப்பது நாமும் பிள்ளையும். பயிற்சியாளர் வெளியே. நடுவில் ஒருபக்கக் கண்ணாடி. அவருக்கு நாங்கள் தெரிவோம், எங்களுக்கு அவர் தெரியமாட்டார். நம் காதில் சின்னதாக ஒரு கருவி. அவர் பேசுவது நமக்கு மட்டும் கேட்கும்.

இந்தப் பயிற்சியின் உயிரே அந்தக் காதுக் கருவியில்தான் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேச்சு கேட்க வேண்டுமென்றால் யூடியூபில் மலைபோல் கிடக்கிறது. கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் படும். பிள்ளை தட்டைத் தூக்கி எறியும் நொடியில் அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வராது. வண்டி ஓட்டப் பழகும்போது பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து "இப்போ கிளட்ச், இப்போ விடு" என்று சொல்லிக்கொண்டே வருவாரே, அப்படி ஒரு ஆள் இங்கே காதுக்குள் இருக்கிறார். அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் போங்கள் என்கிறேன்.

பயிற்சி இரண்டு பாகம். முதல் பாகம் முழுக்க விளையாட்டு. பிள்ளை என்ன விளையாடுகிறதோ அதன் பின்னால் நாம் போக வேண்டும், முன்னால் போகக் கூடாது. அறையில் கட்டைகள், லெகோ, மூக்கு காது கழற்றி மாட்டும் உருளைக்கிழங்கு பொம்மை, கிரேயான், இவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. ஜெயிக்கிறது தோற்கிறது இருக்கும் ஆட்டங்களும் கிடையாது, ஏனென்றால் விதிமுறை வந்தால் சண்டையும் கூடவே வந்துவிடும். நாம் செய்ய வேண்டியவை: பிள்ளை செய்யும் நல்ல காரியத்தை இன்னதென்று சொல்லிப் பாராட்டுவது, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்வது, அதுபோலவே நாமும் விளையாடுவது, அது செய்வதை வாயால் விவரிப்பது, சந்தோஷமாக இருப்பது. செய்யக் கூடாதவை மூன்று: கேள்வி, கட்டளை, குறை.

கேள்வி கூடாது என்றதும் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம் வீடுகளில் பிள்ளையோடு பேசுவது என்றாலே கேள்விதானே. "என்னடா கட்டுறே? இது என்ன கலர்? சிங்கம் எப்படிக் கத்தும்? மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு?" வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளைக்கு ஒரு வாய்மொழித் தேர்வு நடக்கும். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் அதன் கையில் இருந்த விளையாட்டு அந்த நிமிடமே நம் கைக்கு வந்துவிடுகிறது. அது கட்டிக்கொண்டிருந்த பாலத்தை விட்டுவிட்டு நமக்குப் பதில் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் இதை விளக்கியபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் 5 நிமிடம் பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் எண்ணிக்கொண்டிருப்பார். அந்த 5 நிமிடத்தில் 10 பாராட்டு, 10 திருப்பிச் சொல்லல், 10 விவரிப்பு வர வேண்டும். கேள்வி, கட்டளை, குறை எல்லாம் சேர்த்து 3ஐத் தாண்டக் கூடாது. அந்த நிலைக்கு வந்தால்தான் இரண்டாம் பாகம். பாராட்டு என்றால் "குட் பாய்", "வெரி குட்" எல்லாம் இந்தப் பத்தில் சேராது. "கிரேயானை டப்பாவில் போட்டு வச்சே, ரொம்ப நல்லா இருக்கு" என்று காரியத்தைச் சொன்னால்தான் சேரும். படிக்கும்போது லேசாகத் தோன்றும். வருஷக்கணக்கில் ஒரு மாதிரி பழகிய வாயைத் திருப்புவது லேசு இல்லை. எங்களுக்கு இந்தப் பாகமே இரண்டு மாதத்துக்கு மேல் போனது. இதற்கு வீட்டுப்பாடமும் உண்டு: தினமும் 5 நிமிடம், டிவி போன் எல்லாம் அணைத்துவிட்டு, பிள்ளை அன்றைக்கு எவ்வளவு அடம் பிடித்திருந்தாலும் இந்த விளையாட்டு நேரத்தைப் பிடுங்கக் கூடாது. தண்டனையாக இதை நிறுத்தவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

ஒரு நாள் நடந்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், காதுக் கருவி என்ன செய்கிறது என்று புரியும். பையன் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தான். சரிந்துவிட்டது. உடனே ஒரு கட்டையை எடுத்துச் சுவரில் எறிந்தான். என் வாயில் "டேய்" வந்துவிட்டது. காதில் மெதுவாக ஒரு குரல்: "அவனைப் பார்க்காதீர்கள். உங்கள் கட்டையை எடுங்கள். நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள்." நான் திரும்பி உட்கார்ந்து, "அப்பா ஒரு பஸ் கட்டுறேன். இது சக்கரம். இது கதவு" என்று கட்ட ஆரம்பித்தேன். அவன் இன்னொரு கட்டையை எறிந்தான். "இன்னும் பார்க்க வேண்டாம், நன்றாகப் போகிறது." பஸ்ஸுக்கு மேலே கூரை வைத்தேன். பக்கத்தில் அசைவு. ஒரு சிவப்புக் கட்டையைக் கொண்டுவந்து என் பஸ்ஸின் முன்னால் மெதுவாக வைத்தான். "இப்போது! இப்போதே பாராட்டுங்கள்." "கட்டையை மெதுவா வச்சிட்டே தம்பி, பஸ்ஸுக்கு ஹெட்லைட் வந்துடுச்சு!" அவன் சிரித்தான். அடுத்த கட்டையையும் அப்படியே வைத்தான். எறிந்ததிலிருந்து சிரித்தது வரை ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். அந்த "இப்போது" ஐந்து நொடி பிந்தியிருந்தால் நான் அந்தக் கட்டையைக் கவனித்தே இருக்கமாட்டேன்.

பிள்ளையின் அடம் ஏன் இப்படி வளர்கிறது என்பதற்கு, அதே ஆரிகனில் ஆராய்ச்சி செய்த ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளர் சொன்ன விளக்கம் ஒன்று உண்டு. எங்கள் பயிற்சியாளர் அதைப் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். டிவியை அணை என்கிறோம், பிள்ளை கத்துகிறது, நமக்குத் தலைவலி, சரி போ என்று விடுகிறோம். கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. இன்னொரு நாள் நாம் அதைவிடப் பெரிதாகக் கத்துகிறோம். பிள்ளை பயந்து அணைக்கிறது. கத்தினால் காரியம் நடக்கும் என்று நாமும் கற்றுக்கொண்டோம். இரண்டு பக்கமும் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் உரக்க. யாரும் கெட்டவர் இல்லை, ஆனால் வீடு முழுக்கச் சத்தம். இதைக் கேட்டபோது என் மனைவி பெருமூச்சு விட்டாள். பிள்ளைக்கு ஏதோ கோளாறு, பெற்றவள் சரியில்லை, இரண்டில் ஒன்று என்று அதுவரை ஊரே அவளிடம் சொல்லிவந்தது.

ஊர் என்றதும் அத்தையைச் சொல்ல வேண்டும். மனைவியின் அம்மா ராஜபாளையத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். எடுத்த உடனே எதிர்ப்பு. "பிள்ளையை இப்படி மூஞ்சிக்கு நேரா மெச்சினா தலைக்கு ஏறிடும். கண்ணும் படும்" என்றார். பாராட்டினால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது நம் பக்கம் பலருக்கும் உள்ள உறுதியான எண்ணம்; அதை லேசாக ஒதுக்க முடியாது. நான் அவரிடம் சொன்னது இதுதான்: "அத்தை, இவன் அழகன், அறிவாளின்னு மெச்சச் சொல்லலை. பாப்பாவுக்குப் பொம்மையை விட்டுக்கொடுத்தா, விட்டுக்கொடுத்தேன்னு சொல்லச் சொல்றாங்க." அதற்கு அவரிடம் மறுப்பு இல்லை. விவரிப்பதில் எங்கள் இருவரையும்விட அவர்தான் கெட்டி. பட்டாணி உரித்துக்கொண்டே "இந்தா பேரன் ஒரு தோலைப் பிரிக்கிறான், உள்ளே அஞ்சு மணி ஒளிஞ்சிருக்கு" என்று அவர் பேசப் பேச, பையன் நகராமல் உட்கார்ந்திருப்பான். ஆகவே பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களையும் ஒரு முறையாவது அழைத்துப்போங்கள். மையத்தில் மறுக்கமாட்டார்கள். ஒருவர் ஒரு விதம், இன்னொருவர் வேறு விதம் என்று போனால் பிள்ளை எளிதாக இடைவெளியைக் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் பாகம் கட்டளை. கட்டளைக்கு இலக்கணமே வைத்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்று. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும், செய்யாதே என்று சொல்லக் கூடாது. "ஒழுங்கா இரு" என்பது கட்டளையே இல்லை, ஏனென்றால் எதைச் செய்தால் ஒழுங்கு என்று பிள்ளைக்குத் தெரியாது. "என் பக்கத்தில் உட்காரு" என்பது கட்டளை. "ஷூ போட்டுக்கலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அதற்கு உரிமை கொடுத்தாகிவிட்டது, "ஷூவைப் போடு கண்ணா" என்று சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மனதுக்குள் 5 எண்ண வேண்டும், மறுபடி சொல்லக் கூடாது. கேட்டால் உடனே பாராட்டு. கேட்காவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை. அதற்கும் அசையவில்லை என்றால் நாற்காலி: 3 நிமிடம், கடைசி 5 நொடி அமைதியாக இருக்க வேண்டும். இறங்கியதும் அதே கட்டளை அங்கேயே காத்திருக்கும். ஷூ போட்டுத்தான் ஆக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் தப்பிக்க முடியாது.

முதலில் ஒரு கரடி பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்துப் பையனுக்கு எல்லாவற்றையும் காட்டினார்கள். பிறகு அறையில் நாங்கள் கொடுத்த முதல் கட்டளைகள் எல்லாம் மிகச் சின்னவை. "நீலக் கட்டையை என் கையில் குடு." அதற்கே ஒரு நாள் நாற்காலிக்குப் போனான். அலறினான், காலால் உதைத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற என் மனைவி அழுதுவிட்டாள். என் காதில் அந்தக் குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல், "நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள். மூச்சை விடுங்கள். அவன் பத்திரமாக இருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம்" என்று வந்துகொண்டே இருந்தது. முடிந்து, கட்டையை என் கையில் கொடுத்தான். அடுத்த கட்டளைக்கு நாற்காலி தேவைப்படவில்லை.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் பாகத்தை யார் வேண்டுமானாலும் வீட்டில் முயன்று பார்க்கலாம், ஒரு கெடுதலும் இல்லை. இரண்டாம் பாகத்தை மட்டும் தனியே எடுத்து, எங்கோ பார்த்துவிட்டு வீட்டில் செய்யாதீர்கள். கோபத்தோடு இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தால் அது இந்தப் பயிற்சி ஆகாது, அடிக்குப் பதில் வந்த இன்னொரு அடி அது. விளையாட்டு நேரம் என்ற முதலீடு இல்லாமல் நாற்காலியில் இருந்து ஒன்றும் கிடைக்காது. நாற்காலியே கூடாது என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பயிற்சியாளரே மறைக்காமல் சொன்னார். முதுகில் ஒன்று வைப்பதும், கதவைச் சாத்திவிட்டுப் போவதும் சாதாரணமாக இருக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, மூன்று நிமிடம், அமைதியான குரல், முடிந்ததும் மறுபடி விளையாட்டு என்பது நல்ல வழி என்றே எனக்குப் படுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. நேரம்தான் பெரிய குறை. எல்லாமே வார நாட்களில், பகலில். எனக்குக் காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் நடுவில் ஓய்வு இருந்ததால் போக முடிந்தது. ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை பார்க்கும் அப்பாக்களை அந்த மையத்தில் நான் பார்க்கவே இல்லை. அம்மாக்களே எல்லாச் சுமையையும் தூக்குகிறார்கள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அங்கே ஏற்பாடு கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா இல்லையென்றால் திண்டாடியிருப்போம்.

அடுத்தது மொழி. பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் பையனோடு தமிழ்தான். மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தர முன்வந்தார்கள், ஆனால் "இப்போது!" என்பது இன்னொருவர் வாய் வழியாக வந்தால் அந்த நொடி போய்விடும். கடைசியில் மையத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று வைத்துக்கொண்டோம். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு இது உண்மையான தடை. இவ்வளவு தமிழர்கள் இருக்கும் ஊரில் தமிழ் பேசும் ஒரு பயிற்சியாளரைத் தயார் செய்ய வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறோம்.

வீட்டிலிருந்தே இணையம் வழியாகவும் தருகிறார்கள். போன் கேமராவை நிறுத்திவைத்து, ப்ளூடூத்தை ஒரு காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். பையனுக்குச் சளி பிடித்த நேரத்தில் அப்படிச் செய்தோம். சொந்த சோபா, சொந்த பொம்மை என்பதால் பிள்ளை இயல்பாக இருப்பது லாபம். ஆனால் நெட் இழுத்தால் குரல் தாமதமாக வரும். தூரத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் போவதே நல்லது.

பணம்: எங்கள் மையத்தில் கட்டணம் இல்லை. தனியார் உளவியலாளரிடம் போனால், டாக்டர் எழுதித்தரும் மனநலத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஒரு வருடத்துக்கு 10 அமர்வுகளுக்குத்தான் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித்தரும். இந்தப் பயிற்சி சாதாரணமாக 12லிருந்து 20 அமர்வு வரை போகும். பாதியில் நிறுத்தும்படி ஆகிவிடாமல் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எதற்கும் போக முடியாதவர்களுக்கு, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரிபிள் பி என்ற ஆன்லைன் பயிற்சி, 12 வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள ஆஸ்திரேலியப் பெற்றோருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வேலை இடத்து நண்பர் ஒருவர் அதைச் செய்து பயன் பெற்றார். அதில் காதுக்குள் ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். வந்ததிலிருந்து முடிகிற வரை வாராவாரம் 36 கேள்விகள் உள்ள ஒரு தாள் தருவார்கள். சாப்பாட்டில் அடம், படுக்கப் போவதில் அடம், எறிவது, அடிப்பது என்று ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதற்கு 1 முதல் 7 வரை போட்டுக் கூட்ட வேண்டும். மொத்தம் 131க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டிய நிலை. 114 அல்லது அதற்குக் கீழே வந்தால் பயிற்சி முடிந்தது என்று அனுப்பிவைப்பார்கள். நாங்கள் தொடங்கியபோது 150ஐத் தாண்டியிருந்தது. முடிக்கும்போது நூற்றுக்குப் பக்கத்தில். கடைசிக் கட்டத்தில் வெளியிலும் பயிற்சி தருகிறார்கள். பயிற்சியாளரோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், பையனின் கை ட்ராலியில் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியோடு இரண்டு வரிசை நடந்தோம். சாக்லேட் வரிசையில் கையை எடுத்தான், "கையை ட்ராலியில் வை" என்றேன், வைத்தான். சைல்ட்கேரிலிருந்து இப்போது போன் வருவது அபூர்வம். பல் தேய்க்க மட்டும் இன்னும் தகராறு செய்கிறான். பாப்பாவைத் தள்ளுவது அடியோடு நிற்கவில்லை, ஆனால் தள்ளிவிட்டு அவனே தூக்கிவிடுகிறான்.

ஒரு எச்சரிக்கை. பிசிஐடி தருகிறோம் என்று சொல்லும் எல்லா இடத்திலும் ஒரே தரம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போன் செய்யும்போதே மூன்று கேளுங்கள்: பிள்ளையும் நானும் விளையாடும்போது நேரடியாகக் காதில் பயிற்சி தருவீர்களா, ஒவ்வொரு முறையும் எண்ணிக் காட்டுவீர்களா, இரண்டு பாகமும் முடிகிற வரை வைத்திருப்பீர்களா. அறைக்குள் உட்கார்ந்து அறிவுரை மட்டும் சொல்வோம் என்றால் வேறு இடம் பாருங்கள். காத்திருக்கும் மாதங்களில் அந்தத் தினசரி 5 நிமிட விளையாட்டை வீட்டில் தொடங்கிவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.